கம்பம் சாய்வது ஏன்? காமிரா காட்டும் கண்கட்டு வித்தை!

விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்டிருக்கிறார் ஒரு குமாஸ்தா. மும்பையில் ஏறிய ரயில் மலைப் பாதையைக் கடந்து, புனேயையும் தாண்டி, சமவெளியில் வேகம் பிடித்துவிட்டது. அவருக்கு ஜன்னலோர இடம். பிள்ளைகளுக்குக் காட்டலாமே என்று செல்போனைப் படுக்கவாட்டில் பிடித்து, ஓடும் வயல்வெளியை வீடியோ எடுக்கிறார்.

எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் ஓர் அதிசயம்! தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் மின்சாரக் கம்பங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. தூரத்தில் நிற்கும் வேப்ப மரம் நேராக நிற்கிறது. பக்கத்தில் உள்ள கம்பம் மட்டும் புயலில் சிக்கியது போலச் சாய்கிறது.

தலையைத் தூக்கி ஜன்னல் வழியே பார்க்கிறார். கம்பங்கள் செங்குத்தாகத்தான் நிற்கின்றன. போனில் பார்க்கிறார். மறுபடியும் சாய்வு!

போனில் ஏதோ கோளாறு என்று நினைப்பவர்கள் உண்டு. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. ஆனால் இது போனின் கோளாறு அல்ல. செல்போன் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, பெரிய பெட்டிக் காமிராக்களின் காலத்திலேயே இந்த வித்தை தொடங்கிவிட்டது.

ஒரு பிரெஞ்சு இளைஞர் எடுத்த படம்

பிரான்சு நாட்டில் 1894-ம் ஆண்டு பிறந்தவர் ழாக் ஆன்றி லார்த்தீக். வசதியான குடும்பம். சிறு வயதிலேயே தந்தை காமிரா வாங்கிக் கொடுத்தார். ஓடுவது, பறப்பது, தாவுவது எதைக் கண்டாலும் படம் பிடித்துவிட வேண்டும் என்ற ஆசை சிறுவனைப் பிடித்துக்கொண்டது.

இளைஞராக இருந்தபோது ஒரு மோட்டார் பந்தயத்துக்குப் போனார். சாலை ஓரத்தில் காமிராவுடன் நின்றார். 6-ம் எண் பொறித்த பந்தயக் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்து வந்தது. காமிராவை அதன் போக்கிலேயே திருப்பியபடி விசையைத் தட்டினார்.

படத்தைக் கழுவிப் பார்த்தால் எல்லாமே கோணல்! காரின் முன்பாதி படத்துக்குள் விழவே இல்லை. வட்டமாக இருக்க வேண்டிய பின் சக்கரம் முட்டை வடிவமாகி, கார் போகும் திசையில், அதாவது வலப்பக்கம் சாய்ந்திருந்தது. வேடிக்கை பார்த்தவர்களும் அவர்கள் அருகே நின்ற கம்பமும் இடப்பக்கம் சாய்ந்திருந்தார்கள். கார் ஒரு பக்கம், கூட்டம் மறு பக்கம்!

அந்தப் படம் பல ஆண்டுகள் வெளியுலகுக்குத் தெரியாமலே கிடந்தது. 1963-ம் ஆண்டு நியூயார்க் நகரின் நவீன கலை அருங்காட்சியகத்தில் லார்த்தீக்கின் படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 69. "வேகம் என்றால் என்ன என்பதை ஒரே படத்தில் காட்டிவிட்டாரே!" என்று பார்த்தவர்கள் வியந்தார்கள். இன்று புகைப்பட வரலாற்றுப் புத்தகங்களில் தவறாமல் இடம்பெறும் படங்களில் அது ஒன்று.

அந்தப் பந்தயம் நடந்த ஆண்டு 1912 என்று லார்த்தீக் குறித்து வைத்திருந்தார். பிற்காலத்தில் கார்களின் எண்களையும் பந்தயப் பட்டியல்களையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், அது 1913-ல் ஆமியான் நகரில் நடந்த பந்தயம் என்று சொன்னார்கள். காமிரா காரைச் சாய்த்தது. நினைவு ஆண்டைச் சாய்த்துவிட்டது!

திரையும் கீற்றும்

கார் ஏன் சாய்ந்தது? இதற்கு விடை காமிராவின் ஷட்டரில் இருக்கிறது.

ஷட்டர் என்றால் கடைக்கு இழுத்து மூடுகிற இரும்புக் கதவு எல்லோருக்கும் நினைவுக்கு வரும். காமிரா ஷட்டரும் ஒரு வகைக் கதவுதான். வெளிச்சத்தைத் தேவையான நேரம் மட்டும் உள்ளே விட்டு, உடனே மூடிக்கொள்ளும்.

இந்தக் கதவில் இரண்டு வகை உண்டு. ஒன்று, லென்சுக்குள்ளேயே இருப்பது. மெல்லிய தகடுகள் பூவிதழ் போல நடுவிலிருந்து விரிந்து, மறுபடி கூடும். இதில் பிலிம் முழுவதும் ஒரே சமயத்தில் வெளிச்சம் பெறும்.

மற்றொன்று, பிலிமுக்கு நேர் முன்னால் இருக்கும் திரை. மிக வேகமான படங்களுக்கு இதைத்தான் நம்பினார்கள். திரையின் நடுவே ஒரு கீற்று, அதாவது குறுகலான இடைவெளி இருக்கும். விசையைத் தட்டியதும் அந்தக் கீற்று பிலிமின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஓடும். கீற்று எந்த இடத்தைக் கடக்கிறதோ அந்த இடத்தில் மட்டும் அந்த நேரத்தில் படம் பதியும்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. காமிராவில் "1,000-ல் ஒரு பங்கு வினாடி" என்று எழுதியிருந்தால், அது பிலிமின் ஒவ்வொரு புள்ளியும் வெளிச்சம் பெறும் நேரம். படம் முழுவதும் பதிந்து முடிக்கும் நேரம் அது அல்ல! கீற்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும்.

பேச்சுக்கு, கீற்று கடந்து முடிக்க 30-ல் ஒரு பங்கு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரம்தான். ஆனால் மணிக்கு 120 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார், அந்த நேரத்துக்குள் 1 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். கீற்று ஓடத் தொடங்கியபோது கார் ஓர் இடத்தில். ஓடி முடித்தபோது வேறோர் இடத்தில்!

இருப்புக் கணக்கு எடுப்பது போல

கிடங்கில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மூட்டை இருப்புக் கணக்கு எடுக்கிறார் ஒருவர். காலையில் கீழ்த்தட்டை எண்ணுகிறார். மத்தியானம் நடுத்தட்டு. மாலையில் மேல்தட்டு. இடையில் கூலியாட்கள் மூட்டைகளைத் தட்டுக்குத் தட்டு மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கீழ்த்தட்டில் எண்ணிய மூட்டையே மாலையில் மேல்தட்டிலும் எண்ணப்பட்டிருக்கும்.

கணக்கெழுதியவர் பொய் எழுதவில்லை. ஒவ்வொரு தட்டின் கணக்கும் அந்த நேரத்துக்குச் சரி. ஆனால் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, ஒரே தேதி போட்டு, "இதுதான் இருப்பு" என்று கையெழுத்திட்டால் கணக்கு உதைக்கும்.

காமிரா செய்வதும் அதுதான். பல நேரங்களில் கண்டதை ஒரே படமாக ஒட்டித் தருகிறது.

லார்த்தீக்கின் காமிராவில் கீற்று மேலிருந்து கீழாகப் போனது. லென்ஸ் வழியாக விழும் பிம்பம் தலைகீழானது என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆகவே கீற்று முதலில் கடந்தது தரையும் சக்கரத்தின் அடியும் இருந்த பகுதியை. கடைசியாகக் கடந்தது காரின் உச்சியை. அடிப்பாகம் பதிந்த பிறகு உச்சி பதிவதற்குள் கார் முன்னேறிவிட்டது. எனவே உச்சி முன்னால் தள்ளி விழுந்தது. சக்கரம் முன்புறம் சாய்ந்தது.

கூட்டம் ஏன் எதிர்ப்பக்கம் சாய்ந்தது? லார்த்தீக் காமிராவை வலப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார் அல்லவா? ஓடும் வண்டியிலிருந்து பார்ப்பவருக்கு மரங்கள் பின்னால் ஓடுவது போல, திரும்பும் காமிராவுக்குக் கூட்டம் இடப்பக்கம் ஓடியது. அவர்களின் கால் முதலில் பதிந்தது. தலை பிறகு பதிந்தது. அதற்குள் தலை இடப்பக்கம் போய்விட்டது. காரோ காமிரா திரும்பிய வேகத்தையும் மிஞ்சி ஓடியதால் வலப்பக்கம் சாய்ந்தது.

சித்திரக் கதைகளில் பாய்ந்து செல்லும் காரை முன்புறம் சாய்த்து, சக்கரத்தை முட்டை போல வரைவதைப் பார்த்திருப்பீர்கள். உண்மையில் எந்தக் காரும் அப்படிச் சாய்ந்து ஓடாது. ஷட்டர் கற்றுக்கொடுத்த பாஷை அது!

நீளும் கார், சுருங்கும் கார்

பின்னாளில் கைக்கு அடக்கமான 35 மில்லி மீட்டர் காமிராக்கள் வந்தன. 1925-ல் விற்பனைக்கு வந்த லைக்கா காமிராவில் துணித் திரை பக்கவாட்டில் ஓடியது. இப்போது சாய்வு போய், வேறு வேடிக்கை வந்தது.

காரின் பிம்பமும் கீற்றும் ஒரே திசையில் ஓடினால், கீற்று துரத்தத் துரத்தக் கார் முன்னே போய்க்கொண்டிருக்கும். படத்தில் கார் நீண்டுவிடும். எதிரெதிர் திசையில் ஓடினால் கீற்று சட்டென்று காரைக் கடந்துவிடும். கார் சுருங்கிவிடும். ஒரே கார், ஒரே காமிரா. இந்தப் பக்கம் போகும்போது ஒரு நீளம், அந்தப் பக்கம் போகும்போது வேறு நீளம்!

தாலி கட்டும் நேரத்தில்...

இது பந்தயக்காரர்களின் கவலை மட்டும் அல்ல. பிலிம் காலத்தில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைத்தவர்களுக்கும் இந்தக் கீற்று எமனாக வந்தது உண்டு.

பிளாஷ் விளக்கு மின்னும் நேரம் மிக மிகக் குறைவு. அந்தக் கணத்தில் திரை முழுவதும் திறந்திருந்தால்தான் படம் முழுவதும் வெளிச்சம் விழும். ஷட்டர் வேகத்தைக் கூட்டி வைத்துவிட்டால் திரை முழுவதும் திறக்காது. கீற்று மட்டுமே ஓடும். பிளாஷ் மின்னும்போது கீற்று எங்கே இருக்கிறதோ அந்தப் பட்டை மட்டும் பதியும். மீதி இருட்டு.

இதனால்தான் திரை ஷட்டர் காமிராக்களில் 60 அல்லது 125 என்ற எண்ணை வேறு நிறத்தில் குறித்திருப்பார்கள். பிளாஷ் போட்டால் அதற்கு மேல் போகக் கூடாது என்பதற்கான எச்சரிக்கை அது. அவசரத்தில் அதை மறந்த போட்டோகிராபரின் கதி என்ன? மணமகன் தெரிவார், மணமகள் இருட்டில் இருப்பார். படம் கழுவிய பிறகுதான் விஷயம் தெரியும். அதற்குள் பந்தல் பிரித்து, உறவினர்கள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். தாலி கட்டுவதை இரண்டாம் முறை நடத்தச் சொல்ல முடியுமா?

இரட்டை லென்ஸ் காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குனிந்து பார்த்துப் படம் எடுத்த பழைய போட்டோகிராபர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அந்தக் காமிராக்களின் ஷட்டர் லென்சுக்குள் இருந்தது. எந்த வேகத்திலும் படம் முழுவதும் ஒன்றாகப் பதிந்தது.

போனுக்குள் திரை இல்லை, வரிசை உண்டு

செல்போனில் துணித் திரையும் கிடையாது, பிலிமும் கிடையாது. ஆனால் பழைய வழக்கம் மட்டும் போகவில்லை!

போனின் காமிராவில் வெளிச்சத்தை உணரும் சில்லு ஒன்று இருக்கிறது. அதில் லட்சக்கணக்கான புள்ளிகள் வரிசை வரிசையாக உள்ளன. பெரும்பாலான போன்களில் எல்லா வரிசைகளையும் ஒரே சமயத்தில் படிப்பதில்லை. முதல் வரிசை, அடுத்த வரிசை, அதற்கு அடுத்தது என்று படித்துக்கொண்டே போகிறது. பழைய கீற்று செய்த வேலையை இங்கே வரிசை செய்கிறது.

முழுப் படத்தையும் படிக்க 30-ல் ஒரு பங்கு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 100 கிலோ மீட்டரில் ஓடும் ரயில் அதற்குள் சுமார் 90 சென்டி மீட்டர் முன்னேறிவிடும். கம்பத்தின் தலை பதிந்த இடத்துக்கும் கால் பதிந்த இடத்துக்கும் அவ்வளவு வித்தியாசம்! தூரத்து வேப்ப மரம் கண்ணுக்கு மெதுவாகவே நகர்வதால் அதன் சாய்வு தெரிவதில்லை.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நல்ல வெயில் வெளிச்சம் விழும் ஜன்னல் அருகே மேஜை விசிறியை வைத்து, முழு வேகத்தில் ஓட விட்டு, போனில் படம் எடுத்துப் பாருங்கள். இறக்கைகள் அரிவாள் போல வளைந்திருக்கும். ஒரு பக்கத்து இறக்கை தடித்தும், எதிர்ப்பக்கத்து இறக்கை மெலிந்தும் இருக்கும். சில சமயம் ஓர் இறக்கை தனியாகப் பிய்ந்து மிதப்பது போலக்கூடத் தெரியும். வினாடிக்கு 20 சுற்று சுற்றும் விசிறி, 30-ல் ஒரு பங்கு வினாடிக்குள் முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றிவிடுகிறது. காமிரா கடைசி வரிசையைப் படிக்க வருவதற்குள் இறக்கை வேறெங்கோ போய்விடுகிறது.

விமானத்தின் காற்றாடி வாழை இலை போல வளைந்து துவண்டிருக்கும் படங்களுக்கும் இதுவே காரணம். கல்யாண வீடியோவில் வேறொருவரின் பிளாஷ் மின்னும்போது பாதித் திரை மட்டும் வெளுத்துப் போவதும் இதனால்தான்.

குற்றமே நீதிபதி ஆனது!

எல்லாவற்றையும்விட ஆச்சரியம் ஒன்று உண்டு. படத்தைக் கோணலாக்கிய இதே கீற்றைத்தான், நீதி சொல்லும் தராசாகவும் மனிதன் மாற்றிக்கொண்டான்.

குதிரைப் பந்தயத்திலும் ஓட்டப் பந்தயத்திலும் யார் முந்தியது என்ற தகராறு எப்போதும் உண்டு. சாதாரணப் படம் இதற்குப் போதாது. ஒரு கணம் முன்னே பின்னே தட்டினாலும் உண்மை தப்பிவிடும். அமெரிக்காவில் 1937-ல் டெல்மார் குதிரைப் பந்தயத் திடலில் புது வகைக் காமிரா வைத்தார்கள். வழக்கமான காமிராவில் பிலிம் நிற்கும், கீற்று ஓடும். இதிலோ கீற்று நின்றது, பிலிம் ஓடியது!

கீற்று, எல்லைக் கோட்டை மட்டுமே பார்த்தபடி அசையாமல் நிற்கும். கோட்டை எது எப்போது கடக்கிறதோ அது ஓடும் பிலிமில் அடுத்தடுத்துப் பதியும். ஆகவே அந்தப் படத்தில் இடம் வலம் என்பது தூரம் அல்ல, நேரம்! முதலில் வந்தவர் முதலில் பதிவார். பின்னால் வந்தவர் பின்னால் பதிவார். கோட்டின் மேல் ஊன்றி நின்ற பாதம் மட்டும் பனைமட்டை போல நீண்டு விகாரமாகத் தெரியும். அது வேறெங்கும் போகாமல் சற்று நேரம் கோட்டிலேயே இருந்ததற்கு அத்தாட்சி அந்த நீளம்.

1948-ல் லண்டன் ஒலிம்பிக் 100 மீட்டர் ஓட்டத்தில் அமெரிக்க வீரர் பார்னி யூவெல் தாமே வென்றதாக நினைத்துத் துள்ளிக் குதித்தார். படத்தைப் பார்த்தார்கள். முதலில் வந்தவர் அவருடைய நாட்டுக்காரரான ஹாரிசன் டில்லார்டு!

இந்தியர்கள் மறக்க முடியாத கணமும் இப்படிப்பட்டதுதான். 1984, ஆகஸ்டு 8. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிப் போட்டி. மூன்றாம் இடத்துக்கு இரண்டு பேர் ஒட்டி வந்தார்கள். ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜொகாரு 55.41 வினாடி. கேரளத்தின் பய்யோளியிலிருந்து போன பி.டி. உஷா 55.42 வினாடி. வெண்கலப் பதக்கம் 100-ல் ஒரு பங்கு வினாடியில் கை நழுவிப் போயிற்று.

சராசரி வேகப்படி கணக்குப் போட்டால் அந்த இடைவெளி சுமார் 7 சென்டி மீட்டர். நான்கு விரலைச் சேர்த்து வைத்தால் உள்ள அகலம்! கண் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. கீற்று சொன்னது. கசப்பாக இருந்தாலும் நாடு அதை ஏற்றுக்கொண்டது. நடுவரின் கண் மட்டுமே சொல்லியிருந்தால் "அநியாயம்" என்ற பேச்சு இன்று வரை ஓய்ந்திருக்காது.

2024-ல் பாரிஸ் ஒலிம்பிக் 100 மீட்டர் ஓட்டத்தில் அமெரிக்காவின் நோவா லைல்ஸ் 9.784 வினாடியில் வந்து தங்கம் வென்றார். ஜமைக்காவின் கிஷேன் தாம்ப்சன் 9.789 வினாடி. வித்தியாசம் 1,000-ல் 5 பங்கு வினாடி. அங்கே வைத்திருந்த காமிரா எல்லைக் கோட்டை வினாடிக்கு 40,000 தடவை பதிவு செய்யக்கூடியது. படத்தில் தாம்ப்சனின் கால் முந்தித் தெரிந்தது. ஆனால் விதிப்படி காலோ கையோ தலையோ கணக்கில் இல்லை. உடல் கோட்டைக் கடந்ததுதான் கணக்கு.

படம் சாட்சி சொல்லும்போது...

இன்று எல்லாவற்றுக்கும் படம்தான் சாட்சி. சாலையில் விபத்து என்றால் முதலில் நீள்வது போன்தான். "இதோ படம் இருக்கிறதே!" என்றால் வாதம் முடிந்துவிடுகிறது.

ஆனால் வேகமாக ஓடும் வண்டியின் படத்தில் சக்கரம் நெளிந்திருப்பதால் அது உண்மையில் நெளிந்திருந்தது என்று சொல்லிவிட முடியாது. வண்டி குட்டையாகத் தெரிவதால் அது நசுங்கியிருந்தது என்றும் சொல்ல முடியாது. நிற்கும் பொருள் நேராகவும் ஓடும் பொருள் கோணலாகவும் இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஷட்டரை.

எல்லாப் புள்ளிகளையும் ஒரே கணத்தில் பதியும் சில்லுகளும் உண்டு. தொழிற்சாலைகளில் ஓடும் பொருள்களைச் சோதிக்கும் காமிராக்களில் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். 2023 நவம்பரில் சோனி நிறுவனம், 35 மில்லி மீட்டர் பிலிம் அளவுள்ள அத்தகைய சில்லுடன் போட்டோகிராபர்களுக்கான காமிரா ஒன்றை அறிவித்தது. அதில் விசிறியும் வளையாது, கம்பமும் சாயாது. விலைதான் குமாஸ்தாவின் சம்பளத்துக்கு எட்டாது!

எட்டாவிட்டால் பரவாயில்லை. ஊர் போகும் வழியில் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். படுக்கவாட்டில் பிடித்த போனை நிமிர்த்திப் பிடித்து அதே கம்பங்களை எடுத்தால், பெரும்பாலான போன்களில் சாய்வு மறைந்துவிடும். அதற்குப் பதில் கம்பம் சற்றுத் தடித்தோ மெலிந்தோ தெரியும். வரிசைகள் இப்போது மேலிருந்து கீழாக அல்ல, பக்கவாட்டில் போகின்றன என்பதே காரணம். பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை யாராவது உட்கார்ந்திருந்தால் காரணத்தையும் சொல்லிக் கொடுக்கலாம். குண்டக்கல் வருவதற்குள் பொழுது நன்றாகப் போகும்.